முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

நூறு மீட்டர் தள்ளி
முப்பத்திரண்டு சென்டிமீட்டர் கீழே.
மூன்று குண்டும் ஒரே இடத்தில்,
ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம்:
நெருக்கமாக, ஒழுக்கமாக, தப்பாக.

வரங்கெர் விரிகுடாக் காற்றுக்குச்
செப்டம்பரிலேயே பல் முளைத்துவிட்டது.
மூஸ் வேட்டைக்கு இன்னும் நாலு நாள்.
புது ஸ்கோப்புக்கு இன்னும் ஆறு தவணை.

நேற்று இரவு சமையலறை மேசையில்
போல்ட்டை உருவிவிட்டுக் குழல் வழியாகப்
படகுக் கொட்டகை விளக்கைப் பார்த்தேன்.
குறுக்குக் கோடும் அந்த விளக்கில் வந்து உட்காரும்வரை
மேல்திருகைத் திருகினேன். வெகுநேரம் திருகினேன்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு சொடுக்கு, ஒரு சென்டிமீட்டர்.
கடன்காரன் கையில் சில்லறை வைப்பவன்போல
விரல்நுனியில் எண்ணினேன்.
பதினெட்டில் நின்றது.
அதற்குமேல் அது திருகு இல்லை, கல்.
உள்ளே வில் சிக்கியிருக்குமோ என்று
நாணயத்தால் மெல்லத் தட்டிவிட்டுச் சுட்டேன்.
பதினான்கு கீழே. மறுபடி சுட்டேன்.
பதினான்கு.

தோட்டா சரியில்லை என்றேன்.
அடுத்த மேசை இங்கெர்-மாரித் மூன்றை வாங்கித்
தன் துப்பாக்கியில் போட்டாள்;
பிறந்த வீட்டுக்கு வந்தவைபோல் நடுவில் போய் அமர்ந்தன.
குழல் கட்டையில் இடிக்கிறதோ?
நூறு குரோனர் நோட்டை இடையில் விட்டு இழுத்தேன்,
தடையில்லாமல் ஓடியது.
என் பணத்துக்கு அது பழக்கம்.
வளையத் திருகுகள் இறுக்கம்.
காற்று பக்கத்தில் தள்ளும், இவ்வளவு கீழே தள்ளாது.

மிஞ்சியது கடைக்காரன்.

ஊத்லைவ். வாட்சோவில் கடை.
என் மனைவியாக இருந்த குன்வோர்
இப்போது அவன் வீட்டில் இருக்கிறாள்.
அவனிடம் ஏன் வாங்கினாய் என்று கேட்காதீர்கள்,
பக்கத்தில் வேறு கடை இல்லை.
கையுறையைப் பல்லால் கழற்றிச் செய்தி அடித்தேன்:
‘உடைந்ததை என் தலையில் கட்டிவிட்டாய்.’
சுடும்போது மூச்சை நிறுத்தப் பழகியவன்
அனுப்பும்போது நிறுத்தவில்லை.

இரண்டே நிமிடம்.
‘கொண்டு வா. புதிது தருகிறேன். பணம் வேண்டாம்.’

இதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கக் கழற்றினேன்.
வளையங்கள் வந்தன, அடித்தட்டும் வந்தது.
ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து
கண்ணுக்கு அகப்படாத சரிவு.
அடியில், நீலப் பசை உலர்ந்த இடத்தில்,
நகத்தளவு ஓர் அம்பு:
குழலின் வாயைக் காட்ட வேண்டியது
இத்தனை நேரமும்
என் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இங்கே கூடம் கோணல்தான்.
கட்டியவன் நான்.

திருப்பிப் பூட்டினேன். சுட்டேன்.
தாளில் ஓட்டையே இல்லை.
இலக்குக்கு மேலே மண்மேடு
ஒரு பிடி மணலைத் துப்பியது.
இங்கெர்-மாரித்தின் நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.
அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தேன்.
உச்சிக்கு மேலே போய்விட்டது, போகட்டும்;
இனி இறங்கி வரலாம்,
இறங்க இடம் இருக்கிறது.

நாற்பது, அறுபது, நூறு,
எண்ணிக்கை தப்பி மறுபடி சுட்டு மறுபடி எண்ணி,
ஆறு மணி வெளிச்சம் வற்றுவதற்குள்
கறுப்பின் நடுவே மூன்று.
காப்பிக் கோப்பைக்கு அடங்கும் அதே மூன்று.

ஊத்லைவுக்கு இன்னும் பதில் போடவில்லை.
‘அம்பு பின்னால் பார்த்திருந்தது’ என்று அடித்தேன்.
அம்பு என்ன செய்யும்.
அழித்துவிட்டு
‘நான்தான் திருப்பிப் பூட்டியிருந்தேன்’ என்று அடித்து,
வண்டியின் ஹீட்டர் சூடேறும்வரை
கட்டைவிரலை மேலே வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்,
மூச்சை நிறுத்தி.